பலாலியிலிருந்து மத்தளைக்கு ஆகாய வழி: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

பண்டாரவளையில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். போட்டோக் கொப்பி, போனுக்கு ரீலோட், அதோடு விமான டிக்கட்டும் போட்டுக் கொடுப்பேன். போன மாதம் உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை, புவியியல் ஒப்படைக்காக ஒரு கேள்வியோடு வந்தாள். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து அம்பாந்தோட்டைப் பக்கத்து மத்தளை விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரம்? போனில் மூன்று இடத்தில் பார்த்திருக்கிறாள், மூன்றிலும் வேறு வேறு எண். அவளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது கடையில் நின்றவர்களும் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். அன்றைக்குச் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், தூரம் எவ்வளவு?

நேர்க்கோட்டில் சுமார் 405 கிலோமீற்றர். மைலில் 252. விமானிகள் கணக்கு வைக்கும் கடல் மைலில் 219. இலங்கைத் தீவின் வடக்கு முனைக்கும் தெற்கு முனைக்கும் இடையில் மொத்தமே ஏறக்குறைய 435 கிலோமீற்றர்தான். ஆக, பலாலியில் ஏறி மத்தளையில் இறங்கினால் நாட்டைத் தலையிலிருந்து கால்வரை கடந்த மாதிரி.

ஒரு இடத்தில் 405 என்கிறது, இன்னொன்றில் 407. எது சரி?

இரண்டும் சரி. பூமியைச் சுத்தமான உருண்டை என்று வைத்துக் கணக்குப் போட்டால் 407 பக்கம் வரும். ஆனால் பூமி அப்படி உருண்டை இல்லை, துருவப் பக்கம் கொஞ்சம் தட்டையானது. நடுவிலிருந்து பூமத்திய கோட்டுக்கு 6,378 கிலோமீற்றர், துருவத்துக்கு 6,357. இந்த 21 கிலோமீற்றர் குறைவைக் கணக்கில் எடுத்தால், நம் பக்கத்தில் ஒரு பாகை அகலாங்கு என்பது 111 கிலோமீற்றரை விடச் சற்றுக் குறைவு, 110.6 அளவில் வரும். வடக்கு தெற்காக மூன்றரைப் பாகை போகிற இந்தப் பயணத்தில் அந்தச் சின்ன வித்தியாசம் சேர்ந்து இரண்டு கிலோமீற்றர் ஆகிவிடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. விமான நிலையம் ஒரு புள்ளி இல்லை. மத்தளை ஓடுபாதையின் நீளமே 3,500 மீற்றர். அதில் எந்த இடத்திலிருந்து அளந்தார்கள் என்பதை வைத்தும் கடைசி இலக்கம் மாறும். ஒப்படையில் "சுமார் 405" என்று எழுதினால் எந்த ஆசிரியரும் வெட்ட மாட்டார்.

போன் இல்லாமல், தேசப்படத்தை வைத்து நாமே கணக்கிட முடியுமா?

தாராளமாக. கேல்குலேட்டரைத் தட்டுவதற்கு முன் இப்படி ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்தால்தான் கணக்கு மனதில் நிற்கும்.

பலாலி இருப்பது வடக்கு அகலாங்கு 9 பாகை 47 கலையில், கிழக்கு நெட்டாங்கு 80 பாகை 4 கலையில். மத்தளை 6 பாகை 17 கலை, 81 பாகை 7 கலை. அகலாங்கு வித்தியாசம் 3 பாகை 30 கலை. ஒரு பாகைக்கு 60 கலை, அப்போது 210 கலை. கடல் மைல் என்ற அளவே ஒரு கலை அகலாங்குத் தூரத்தை வைத்து உண்டானது, அதனால் 210 கலை என்றால் 210 கடல் மைல். மாற்றுவதற்கு ஒன்றுமில்லை.

நெட்டாங்கு வித்தியாசம் 1 பாகை 3 கலை, அதாவது 63 கலை. நெட்டாங்குக் கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப்போக நெருங்கும் என்பதால் இதைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். நம் அகலாங்கில் 0.99ஆல் பெருக்கினால் போதும், 62.4 வரும். அப்புறம் பைதகரஸ் தேற்றம். 210இன் வர்க்கம் 44,100. 62.4இன் வர்க்கம் சுமார் 3,894. இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 219. அதை 1.852ஆல் பெருக்கினால் 405.7 கிலோமீற்றர். அவ்வளவுதான்.

இந்த முறை இலங்கைக்குள்ளே, தமிழ்நாடு வரைக்கும் நன்றாக வேலை செய்யும். லண்டனுக்கோ மெல்பேர்னுக்கோ போட்டால் பிழைக்கும், அங்கே பூமியின் வளைவு விளையாட ஆரம்பித்துவிடும்.

பறக்க எத்தனை மணி நேரம்?

தூரம் காட்டும் கணிப்பான்கள் பெரும்பாலும் "1 மணித்தியாலம்" என்று காட்டும். அவை பொதுவாகப் போடும் கணக்கு இது: தூரத்தை ஜெட் விமானத்தின் வேகமான மணிக்கு 800 கிலோமீற்றரால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி கூட்டுவது. 405ஐ 800ஆல் வகுத்தால் அரை மணி, கூட்ட ஒரு அரை மணி, மொத்தம் ஒன்று. விடை மோசமில்லை, ஆனால் போன வழி கொஞ்சம் கற்பனை. 35,000 அடியில் பறக்கும் ஜெட் ஒன்று தரையிறங்க ஏறக்குறைய 200 கிலோமீற்றருக்கு முன்பே கீழே வரத் தொடங்க வேண்டும். ஏறுவதற்கும் அதே அளவு தூரம் தேவை. ஆக, இந்த 405 கிலோமீற்றரில் ஜெட் ஏறி முடிக்கும்போதே இறங்க வேண்டிய நேரம் வந்துவிடும்.

பலாலிக்கு வந்துபோகிற ஏடிஆர் 72 மாதிரி காற்றாடி விமானம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் போகும். வானத்தில் 49 நிமிடம், ஓடுபாதையில் நகர்வது, ஏறுவது, சுற்றி வந்து இறங்குவது எல்லாம் சேர்த்தால் ஒரு மணி ஐந்து அல்லது பத்து நிமிடம். பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரும் செஸ்னா கரவன் என்றால் மணிக்கு 300 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றரை மணித்தியாலம் ஆகிவிடும்.

கணக்கு சரியா என்று பார்க்க எனக்கு ஒரு உரைகல் இருக்கிறது. கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து திருச்சிக்கு நேர்க்கோட்டில் சுமார் 419 கிலோமீற்றர், கிட்டத்தட்ட இதே தூரம். அந்தப் பயணத்துக்கு அட்டவணையில் ஒரு மணித்தியாலம் அளவில்தான் போடுகிறார்கள். சரியாக இருக்கிறது, இல்லையா? யோசித்தால் இது கொஞ்சம் வேடிக்கைதான். நாட்டுக்குள்ளேயே வடக்கிலிருந்து தெற்குக்குப் போகிற தூரமும், கடல் தாண்டி இன்னொரு நாட்டுக்குப் போகிற தூரமும் ஒன்று.

ரோட்டில் போனால்?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கார் ரோட்டில் மூன்று கட்டை தூரம் வளைந்து வளைந்து போகிற இடத்துக்குத் தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதையில் பத்து நிமிடத்தில் போய்விடுவோம். விமானம் போவது குறுக்குப் பாதை.

பலாலியில் இறங்கி யாழ்ப்பாணம் வந்து, அங்கிருந்து ஏ9 வீதியில் கண்டி வரைக்கும் 321 கிலோமீற்றர். கண்டியிலிருந்து நுவரெலியா 77. பிறகு வெலிமடை, பண்டாரவளை, எல்ல, வெல்லவாய, தனமல்வில என்று இறங்கி மத்தளை. கூட்டிப் பார்த்தால் 550 கிலோமீற்றரைத் தாண்டும். நேர்க்கோட்டை விட 150 கிலோமீற்றர் கூட. அதில் ஏ9 பகுதி கணிசமாக நேர். தூரத்தைத் தின்பது மலைதான். சாப்பாடு, தேத்தண்ணி, ரம்பொடையில் ஒரு வாந்தி எல்லாம் சேர்த்து ஒரு முழுப் பகலும் இரவில் கொஞ்சமும் வேண்டும்.

மலை எப்படித் தூரத்தைத் தின்னும் என்பதற்கு நம் ரயில் பாதையை விட நல்ல உதாரணம் இல்லை. கொழும்பிலிருந்து பதுளைக்கு நேர்க்கோட்டில் 133 கிலோமீற்றர் அளவுதான். தண்டவாளம் போகிற தூரம் சுமார் 290. இரண்டு மடங்குக்கும் மேல். தெமோதரையில் ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பி, ஒரு சுற்றுச் சுற்றி, அதே ஸ்டேஷனுக்குக் கீழே உள்ள சுரங்கத்தில் நுழைகிறதே, அங்கே நேர்க்கோட்டில் நாம் போன தூரம் சுழி!

இந்த நேர்க்கோடு எந்த ஊர்களுக்கு மேலே போகிறது?

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே ஆச்சரியம். பலாலியிலிருந்து பண்டாரவளைக்கு நேர்க்கோட்டில் சுமார் 345 கிலோமீற்றர். பண்டாரவளையிலிருந்து மத்தளைக்கு 62. கூட்டினால் 407, உருண்டைக் கணக்கில் முழுத்தூரமும் அதே 407. அப்படியென்றால் நாம் கிட்டத்தட்ட அந்தக் கோட்டிலேயே உட்கார்ந்திருக்கிறோம்.

துல்லியமாகச் சொன்னால் கோடு நம் டவுனுக்கு நாலு கிலோமீற்றர் மேற்கே, தியத்தலாவைப் பக்கமாகப் போகிறது. அதற்கு முன் வலப்பனைக்குக் கிழக்காக வந்து, வெலிமடைக்கு மேலே நுழைந்து, தியத்தலாவையையும் அப்புத்தளைக்குக் கிழக்குப் பக்கத்தையும் கடந்து, கொஸ்லந்தைப் பக்கமாகச் சமவெளிக்கு இறங்குகிறது. நாட்டின் இரண்டு ஓரத்தில் இருக்கிற இரண்டு விமான நிலையங்களை ஒரு நூலால் இணைத்தால், நூல் நம் லயத்துக் கூரைகளை உரசிக்கொண்டு போகிறது. அந்த நூலில் ஏறத்தான் நமக்கு வழியில்லை.

நடுவில் மலை இருக்கிறதே, விமானம் அப்படியே நேராகப் பறக்குமா?

பலாலி கடல் மட்டத்திலிருந்து 10 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, மத்தளை 50 மீற்றருக்கும் குறைவு. இரண்டு முனையும் தாழ்வு, நடுவில் மட்டும் மலை. கோட்டுக்கு மேற்கே 15 கிலோமீற்றரில் பிதுருதலாகல, 2,524 மீற்றர், அடியில் சொன்னால் 8,281. கிழக்கே 20 கிலோமீற்றர் அளவில் நமுனுகுல, 2,036 மீற்றர். இரண்டுக்கும் இடைவெளியில் கோடு புகுந்து போகிறது.

மலைப் பிரதேசத்தில் கருவிகளை நம்பிப் பறக்கும்போது, சுற்றியுள்ள மிக உயர்ந்த இடத்துக்கு மேல் குறைந்தது 2,000 அடி இடைவெளி வேண்டும் என்பது சர்வதேச விதி. பிதுருதலாகலவைக் கணக்கில் எடுத்தால் 10,300 அடிக்குக் குறையாமல் பறக்க வேண்டும். 17,000 அடிக்கு மேல் போகிற ஏடிஆருக்கு இது ஒரு பொருட்டில்லை. சின்ன விமானத்துக்குத்தான் சிக்கல். கரவன் மாதிரி விமானங்களின் உட்பகுதியில் காற்றழுத்தம் கிடையாது, 10,000 அடிக்கு மேல் அரை மணிக்கு அதிகமாக இருந்தால் விமானிகளுக்குப் பிராண வாயு வேண்டும். அதனால் மலையைச் சுற்றிக் கிழக்குச் சமவெளிப் பக்கமாகப் போவதே சுலபம். அப்போது 405 என்பது 420, 430 ஆகும், நேரமும் சில நிமிடம் கூடும்.

காற்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பாதை ஏறக்குறைய வடக்கு தெற்கு. தென்மேற்குப் பருவக் காற்று மேற்கிலிருந்து குறுக்கே அடிப்பதால் பயண நேரத்தைப் பெரிதாகக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. ஆனால் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டி நம் ஊவாப் பக்கம் இறங்கும் காற்று, ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை, காய்ந்தும் வேகமாகவும் வரும். கச்சான் காற்று என்பார்கள். மலையின் இந்தப் பக்கம் அது சுழன்று இறங்குவதால் தாழப் பறக்கும் விமானத்தைக் குலுக்கும். ஊவாத் தேயிலைக்கு அந்த மாதங்களில் பேர்போன வாசனை வருவதும் இதே காற்றால்தான்.

தூரத்தைச் சரியாகத் தெரிந்துகொள்வது அவ்வளவு முக்கியமா?

நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்து ஆட்களிடம் இதைக் கேட்டால் சப்த கன்னி மலையைக் கை காட்டுவார்கள்.

1974 டிசம்பர் 4ஆம் தேதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஜித்தா போகும் வழியில் கட்டுநாயக்கவில் இறங்க வந்தது நெதர்லாந்தின் மார்ட்டின் ஏர் நிறுவனத்தின் டிசி-8 விமானம். இறங்குவதற்கான உயரத்துக்கு வந்துவிட்டார்கள், ஆனால் விமான நிலையம் இன்னும் 75 கிலோமீற்றர் மேற்கே இருந்தது. கீழே சமவெளி இருக்கும் என்று நினைத்த இடத்தில் மலை இருந்தது. 182 பயணிகளும் 9 பணியாளர்களும், 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. விமான நிலையத்திலிருந்து தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை விமானக் குழு தவறாகக் கணித்ததே காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. அன்றைக்கு அவர்கள் நம்பியிருந்த டொப்ளர் என்ற வழிகாட்டிக் கருவியும் வானிலை ராடாரும் தவறாகப் புரிந்துகொள்ள இடம் வைத்தன என்றது நெதர்லாந்துத் தரப்பு. விமானத்தின் சக்கரம் ஒன்றை நோர்ட்டன் பிரிட்ஜில் இன்றும் வைத்திருக்கிறார்கள்.

அங்கே கொழுந்து பறித்த என் பெரியம்மா, அன்று இரவு இடி என்று நினைத்துக் கதவை அடைத்துக்கொண்டதாகச் சொல்வார். இப்போது செய்மதி வழிகாட்டி இருக்கிறது, தரை நெருங்கினால் கத்தி எச்சரிக்கும் கருவியும் பெரிய விமானங்களில் கட்டாயம். ஒப்படை எழுத வந்த பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொன்னேன். பிறகு அவள் தசம இலக்கத்தைக் கிண்டல் பண்ணவில்லை.

சரி, பலாலியிலிருந்து மத்தளைக்கு டிக்கட் போட முடியுமா?

முடியாது. இந்த இரண்டுக்கும் இடையில் வழக்கமான பயணிகள் சேவை இல்லை. தனியாக விமானம் வாடகைக்குப் பிடிக்கும் வசதி உள்ளவர் இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்.

ஆகாயத்தில் போயே ஆக வேண்டும் என்றால் பலாலியிலிருந்து கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானைக்கு உள்ளூர் விமானம் ஓடுகிறதா என்று முதலில் விசாரியுங்கள். அந்தச் சேவை அவ்வப்போது தொடங்கும், நிற்கும், திரும்பத் தொடங்கும். அது 330 கிலோமீற்றர், ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இரத்மலானையிலிருந்து தெற்கு அதிவேகப் பாதையில் ஏறினால் மத்தளைக்கே நேராகப் போகலாம், 2020 பெப்ரவரியில் அந்தப் பாதை அம்பாந்தோட்டைப் பக்கம் வரை திறக்கப்பட்டது. இரண்டரை மணித்தியாலம் வையுங்கள். காத்திருப்பு, முச்சக்கர வண்டி எல்லாம் சேர்த்துக் கணிப்பான் சொன்ன ஒரு மணித்தியாலம் ஏழெட்டாக மாறும்.

இரண்டு விமான நிலையமும் ஏன் இப்படி ஓரத்தில் கிடக்கின்றன?

கதை இரண்டும் வேறு. பலாலி இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை போட்டது. சுதந்திரத்துக்குச் சற்று முன், 1947 டிசம்பர் 10ஆம் தேதி எயார் சிலோனின் முதல் பயணமே இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குத்தான். பிறகு போர் வந்தது, பலாலி இராணுவத்தின் கைக்குள் போனது. 2019 ஒக்டோபர் 17இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் திறந்தார்கள், நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. நாலு மாதத்தில் கொரோனா. 2022 டிசம்பரில் மறுபடியும் பறக்கத் தொடங்கி, 2024இல் இண்டிகோவும் சென்னையிலிருந்து வந்தது, 2025இல் திருச்சியிலிருந்தும். ஆக, பலாலி ஒதுங்கிக் கிடந்தது போரால். சுற்றிவர ஊரும் சனமும் எப்போதும் உண்டு.

மத்தளைக்கு நேர் எதிர்க் கதை. 2013 மார்ச் 18இல் திறந்தபோது எல்லாம் புதிது: பெரிய விமானம் இறங்கும் ஓடுபாதை, வருடத்துக்குப் பத்து லட்சம் பயணிகளைத் தாங்கும் கட்டடம், சீன எக்சிம் வங்கியின் 19 கோடி டொலர் கடன். பயணிகள்தான் இல்லை. சுற்றிலும் காடு, யானை, மான், மயில். 2016இல் ஓடுபாதைப் பக்கம் வரும் மிருகங்களை விரட்ட 300க்கும் மேற்பட்ட படையினரையும் பொலிசாரையும் இறக்கினார்கள். சரக்குக் கிடங்கில் நெல் அடுக்கிய செய்தியும் வந்தது. 2018இல் ஃப்ளைதுபாயும் விலகிய பிறகு, வழக்கமான சேவை என்று ஒன்றுமே இல்லாமல் போனது. அப்புறம் ரஷ்யச் சுற்றுலாப் பயணிகளின் விமானங்கள் வந்துபோயின. கட்டுநாயக்கவில் மழையோ மூட்டமோ என்றால் திருப்பி விடப்படும் விமானங்களுக்கு மத்தளைதான் கைகொடுக்கிறது, அந்த ஒரு வேலையை நன்றாகச் செய்கிறது.

பண்டாரவளை, அப்புத்தளை ஆட்களுக்கு எந்த விமான நிலையம் கிட்ட?

மத்தளை. சந்தேகமே வேண்டாம். நேர்க்கோட்டில் 62 கிலோமீற்றர், ரோட்டில் 100 அளவில், இரண்டரை மூன்று மணித்தியாலத்தில் போய்விடலாம். கட்டுநாயக்க நேர்க்கோட்டில் 129, ரோட்டில் பெரகலை, பலாங்கொடை, இரத்தினபுரி வழியாக 200ஐத் தாண்டும், ஆறு மணித்தியாலம். விடிகாலை விமானம் என்றால் முதல் நாள் மாலையே வேன் பிடிக்க வேண்டும்.

கொஸ்லந்தைப் பக்கத்து அக்கா ஒருவர், வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போனவர், மத்தளை திறந்த புதிதில் அங்கே வந்து இறங்கினார். "கதவால வெளிய வந்தா மலை தெரியுது தம்பி, வீட்டுக்கே வந்த மாதிரி" என்று சொன்னார். அடுத்த தடவை அவர் வரும்போது அந்த விமானம் இல்லை. கட்டுநாயக்கவில் இறங்கி, பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரவு பஸ்ஸில் வந்தார். மத்திய கிழக்குக்கு நம் பெண்கள் எவ்வளவு பேர் போகிறார்கள்! கிட்ட இருக்கிற விமான நிலையத்தில் அவர்களை ஏற்றிப்போக ஒரு விமானம் இல்லை என்பதில் எனக்கு ஆற்றாமை உண்டு.

கூடலூர், கோத்தகிரியில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். பலாலி வழியாகத் திருச்சிக்குப் போவது லாபமா?

தூரத்தைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். பலாலியிலிருந்து திருச்சி வெறும் 184 கிலோமீற்றர், கட்டுநாயக்கவிலிருந்து 419. ஆனால் பலாலிக்கு நாம் எப்படிப் போவது? பண்டாரவளையிலிருந்து ரோட்டில் பத்து மணித்தியாலத்துக்கு மேல். வானத்தில் மிச்சம் பிடிக்கிற அரை மணிக்காக ரோட்டில் நாலைந்து மணித்தியாலம் கூடுதலாகக் கொடுப்பது கணக்குக்கு ஒத்துவராது. யாழ்ப்பாணத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்றால் அது வேறு விஷயம், சந்தோஷமாகப் போங்கள். வவுனியா, கிளிநொச்சியில் குடியேறிய நம் ஆட்களுக்குப் பலாலிதான் லாபம்.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட என் தாத்தாவின் தம்பி குடும்பம், இங்கிருந்து ரயிலில் தலைமன்னார் போய், கப்பலில் ராமேஸ்வரம் இறங்கியது. பிரயாணம் எத்தனை நாள் என்று கேட்டால் சின்னத் தாத்தா நாளைச் சொல்ல மாட்டார், மண்டபம் முகாமில் இருந்த காலத்தையும் சேர்த்து மாதக் கணக்கில் சொல்வார். அந்தக் கப்பலும் 1984இல் நின்றுபோனது.

மலைநாட்டிலேயே ஒரு விமான நிலையம் கட்டினால் என்ன?

பேச்சு அவ்வப்போது எழும். தண்ணீரில் இறங்கும் சின்ன விமானங்கள் நுவரெலியா கிரகரி ஏரியிலும் காசல்ரீ நீர்த்தேக்கத்திலும் சுற்றுலாப் பயணிகளை இறக்கியிருக்கின்றன. ஓடுபாதை என்றால் சிரமம். உயரம் கூடக்கூடக் காற்று மெலியும், விமானம் எழும்ப அதிக தூரம் ஓட வேண்டும். ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் ஓடுபாதையை 7 சதவீதம் நீட்ட வேண்டும் என்பது பொது விதி. கடல் மட்டத்தில் 1,400 மீற்றர் போதுமென்றால், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 2,000 மீற்றர் வேண்டும். இரண்டு கிலோமீற்றர் மட்டமான நிலம்! நமக்கு வீடு கட்டப் பத்துப் பேர்ச் மட்ட நிலம் கிடைப்பதே கஷ்டம். அதோடு பின்னேரம் ஆனால் மூட்டம் மூடிக்கொள்ளும்.

உலகத்திலேயே மிகக் குறைந்த தூர விமானப் பயணம் எது?

ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னி தீவுகளில், வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு. 2.7 கிலோமீற்றர். அட்டவணையில் இரண்டு நிமிடம், காற்று வாகாக இருந்த ஒரு நாள் 53 விநாடியில் போயிருக்கிறார்கள். தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து கீழ் டிவிசனுக்குப் போகிற தூரம். 1967இலிருந்து ஓடுகிறது. சின்னச் சனத்தொகைக்கும் விமானம் விடலாம் என்று யாரோ அங்கே முடிவெடுத்திருக்கிறார்கள்.

மாலையில் எங்கள் தோட்டத்துக்கு மேலே வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு ஒன்று போகுமே, அது பலாலி–மத்தளை விமானமா?

இல்லை. கட்டுநாயக்கவில் ஏறி சிங்கப்பூர் பக்கம் போகிற விமானங்கள் நுவரெலியா, வெலிமடை வழியாகத்தான் கிழக்கே போகும். ஏறி 120 கிலோமீற்றர் வந்திருக்கும், அதனால் நம் தலைக்கு மேல் வரும்போது நல்ல உயரத்தில் இருக்கும். திசையைப் பாருங்கள். மேற்கிலிருந்து கிழக்கு என்றால் அந்த வகை. வடக்கிலிருந்து தெற்காக, நமுனுகுலவை இடது கைப்பக்கம் விட்டுக்கொண்டு ஒன்று போவதைக் கண்டால் கடைக்கு வந்து சொல்லுங்கள், அந்தப் பிள்ளையின் நம்பர் என்னிடம் இருக்கிறது.